வோல்ட் லெவ்வையும் வெள்ளிக்கிழமைப் படமும்

ஆதம்லெவ்வை மௌத்தான செய்தி ஒரு மீன் பெட்டியோடு என் வாசலுக்கு வந்தது. பெரியநீலாவணைக் கடற்கரையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த யாவாரி, வேலிக்கு வெளியே நின்றபடியே சொன்னான்: "ராசாண்ணன், ஒங்கட கூட்டாளி வோல்ட்டுக் காக்கா மவுத்தாப் பெய்த்தாராம். சுபஹுத் தொழுகைக்கு எழுப்பினா எழும்பல்லயாம். லுஹர் தொழுகையோட அடக்கம் எண்டு கதைக்கிறாங்க." பிறகு, எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தானோ என்னவோ, "சாய்ந்தமருதுல, அவர்ர பொஞ்சாதிட ஊட்ட" என்று சேர்த்துச் சொன்னான். நான் அவனிடம் மீன் விலை கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இதை வாசிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அவனிடம் ரேடியோ திருத்தக் கொடுத்தவர்கள். மீதிப் பேர் அவனிடம் ஏச்சு வாங்கியவர்கள். செத்துப் போனவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எனக்கு அது வரவில்லை. ஒரே மேசையின் இரண்டு பக்கமும் இருந்து ஒரே ஈயப் புகையை மூக்கில் இழுத்தவனை 'அவர்' என்று எழுதினால், யாரோ வேறு ஆளைப் பற்றி எழுதுவதுபோல இருக்கிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கு நான் அடக்கத்துக்குப் போகவில்லை. போக மனமில்லாமல் அல்ல, போக விடவில்லை. சேர்ட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வெளிக்கிட்டேன். பாண்டிருப்பைத் தாண்டவில்லை, தோளில் துவக்கோடு நின்றவர்கள் திருப்பிவிட்டார்கள். எந்தத் துவக்கு என்று கேட்காதீர்கள், அந்த நாட்களில் எல்லாப் பக்கமும் துவக்குத்தான். "கூட்டாளியின்ர மரண வீடு" என்றேன். "பேந்து போ" என்றான் ஒருவன். பிறகொரு நாள் போகிற காரியமா அடக்கம்? என் மகனின் வயதுகூட இருக்காது அவனுக்கு. திரும்பி வரும்போது வாய்க்குள்ளே ஏசிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் வந்த பிறகுதான் அழுகை வந்தது.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தது எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகு. கரையோரம் முழுக்க ரேடியோக்கள் தண்ணீர் குடித்துக் கிடந்தன. அவன் கொழும்பில் இலத்திரனியல் படித்து முடித்தவன். நான் மட்டக்களப்பில் வேலை பழகியவன். கல்முனை பசாரில் ஒரு புடவைக் கடையின் பின்னறையை எடுத்து, நனைந்த ரேடியோக்களை வெயிலில் காயப்போட்டுத் தொடங்கினோம். வாய்ச்சண்டை முதல் நாளே தொடங்கிவிட்டது. பற்றவைக்கும்போது நான் ஈயம் கூடுதலாக வைக்கிறேன் என்று அவன் சொன்னான். அவன் வாய் கூடுதலாக வைக்கிறான் என்று நான் சொன்னேன்.

'வோல்ட் லெவ்வை' என்ற பெயர் அவனுக்கு எப்படி வந்தது என்று பலருக்கும் தெரியாது. எந்தச் சாமானைக் கையில் கொடுத்தாலும், அதன் பெயரைக் கேட்பதற்கு முன் "எத்தின வோல்ட்டு தாங்கும்?" என்று கேட்பான். ஒரு முறை கொழும்புக்குச் சாமான் வாங்க இருவரும் போனோம். அவன் தானே செய்த சோதனைப் பெட்டியைத் துணிப்பைக்குள் கொண்டுவந்திருந்தான். டிரான்சிஸ்டருக்கு வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அது எந்த இடத்தில் கசியத் தொடங்குகிறது என்று பார்க்கிற பெட்டி. கடைக்காரரின் மேசையிலேயே அதை வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தான். கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஓய் தம்பி, இது என்ன மாம்பழமா, அமுக்கிப் பார்த்து வாங்க? முந்நூறு வோல்ட் என்று கம்பெனிக்காரன் அச்சடிச்சிருக்கான்தானே!" என்றார். ஆதம்லெவ்வை தலையைத் தூக்காமலே, "அவன் கல்முனைக் கரண்ட்டப் பாக்கல்லியே முதலாளி" என்றான்.

அவன் சொன்னதில் பிழை இல்லை. அந்த நாளில் எங்கள் பக்கத்துக் கரண்ட், பின்னேரத்தில் பல்பின் கம்பி சிவக்கிற அளவுக்குத்தான் வரும். ஊர் அடங்கியதும் குபீரென்று ஏறும். காலையில் எழும்பிப் பார்த்தால் பெட்டிகள் கருகிக் கிடக்கும். ஆகவே அவனிடம் ஒரு சட்டம் இருந்தது. இருநூறு வோல்ட் ஓடுகிற இடத்தில், அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தாங்குகிற சாமான்தான் போட வேண்டும். "திருத்தின பெட்டி திரும்பி வந்தா அது பெட்டிட குத்தமில்ல, நம்மட குத்தம்" என்பான்.

பிறகு டீவி வந்தது. சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் டீவிப் பெட்டியும் வீடியோ டெக்கும் கொண்டு வந்து இறக்கினார்கள். கரண்ட் ஏறும் நாளில் அவற்றில் முதலில் சாகிறது ஒரு குறிப்பிட்ட இடம். அதை நான் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் என் கூட்டாளியின் கதை முழுக்க அந்த இடத்தில்தான் நடந்தது.

டெக்கிலிருந்து வருகிற படம் ஒரு வோல்ட் அளவுதான். படக்குழாய்க்கு அது போதாது. அந்த ஒரு வோல்ட்டை நூறு வோல்ட்டுக்கு மேல் ஆட்டிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்கிற டிரான்சிஸ்டர்கள், நிறத்துக்கு ஒன்றாக மூன்று, குழாயின் கழுத்தில் இருக்கும். அவை உயர்ந்த வோல்ட்டையும் தாங்க வேண்டும், மின்னல் வேகத்தில் ஏறி இறங்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்த சாமான் கிடைப்பது அபூர்வம். தாங்குகிறது பெரும்பாலும் மந்தமாக இருக்கும். வேகமானது நாற்பது வோல்ட்டில் செத்துப்போகும். மந்தமானதைப் போட்டால் பெட்டி சாகாது, ஆனால் படத்தில் ஒவ்வொரு விளிம்பும் வலது பக்கம் இழுபட்டுக் கலங்கித் தெரியும். கண்ணும் புருவமும் ஒன்றாகிவிடும்.

நாங்கள் தாங்குகிறதைத்தான் போட்டோம். பழைய பெட்டிகளிலிருந்து கழற்றிய, ஐந்நூறு வோல்ட் தாங்குகிற தடித்த சாமான். எங்கள் பெட்டி ஒன்றும் திரும்பி வரவில்லை. மற்றக் கடைக்காரர்களும் எங்களைப் பார்த்து அதையே போட்டார்கள். மருதமுனையிலிருந்து கோமாரி வரைக்கும் திருத்திய பெட்டிகளிலெல்லாம் சனங்கள் கலங்கிய முகங்களைத்தான் பார்த்தார்கள், டீவி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு ஹாஜியார் மட்டும், "என்ன லெவ்வ, இதுக்குள்ள இரிக்கிற ஆக்களெல்லாம் ஒரே உம்மாட புள்ளைகளா?" என்று கேட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அவனுடைய தங்கச்சி சுலைஹாவை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பக்கத்து வழக்கப்படி, பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டுக்குக் கூட்டி வருவார்கள். வாப்பா, தகப்பன், நேரத்தோடு மௌத்தாகிவிட்டதால் மருதமுனையில் அந்த வீட்டைக் கட்டியவன் ஆதம்லெவ்வைதான். மாப்பிள்ளை ஜுனைதீன் நல்ல பிள்ளை. கலியாணம் முடித்துக் கொஞ்ச நாளில் சவூதிக்குப் போனான். முதலில் கடிதமும் கெசட்டும் மாதா மாதம் வந்தன. பிறகு நின்றுவிட்டன. ஏஜென்சிக்காரன் கையை விரித்தான். போனவர்களிடம் சொல்லி அனுப்பினால், அந்தக் கம்பெனி மூடிவிட்டது, ஆட்கள் சிதறிவிட்டார்கள் என்று பதில் வந்தது. மறியலில் அடைத்துவிட்டார்கள் என்றார்கள். அங்கே ஒருத்தியைக் கலியாணம் முடித்துவிட்டான் என்றார்கள். மௌத்தாகிவிட்டான் என்றும் சொன்னார்கள். ஊர் வாய்க்கு எல்லாம் ஒன்றுதான். அந்தப் பிள்ளை இரண்டு வருடத்துக்கு மேல் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் சவூதியிலிருந்து கபூர் என்று ஒருவர் லீவில் வந்தார். சுலைஹாவின் வீட்டுக்கு அடுத்த வளவு. அவருடைய புதிய கலர் பெட்டி வந்த கிழமையே கருகிவிட்டது. திருத்தக் கொண்டு வந்தவர் டெக்கையும் தந்து, போட்டுப் பார்க்க ஒரு கெசட்டையும் தந்தார். அங்கே ஏதோ ஒரு தொழிலாளர் கேம்பில் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எடுத்த படம். கையோடு கையாக மாறி வந்த பிரதி. எந்தக் கேம்ப், யார் எடுத்தது என்று அவருக்குத் தெரியாது. போன வருடத்துப் பெருநாள் என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் வழக்கம்போலத் தடித்த சாமானைப் போட்டு, கெசட்டை ஓட்டினோம். நீள மண்டபம், தரையில் சகன் என்ற பெரிய தட்டை வைத்துச் சேர்ந்து சாப்பிடுகிற ஆட்கள். பின்னால் ஒருவன் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நிற்கிறான். ஒரு விநாடி கமராப் பக்கம் திரும்பிவிட்டு அடுக்களைக்குள் போகிறான். ஆதம்லெவ்வையின் கை நின்றது. ஓட்டிப் பின்னுக்கு விட்டான். மறுபடியும் ஓட்டினான். நிறுத்திப் பார்க்க முயன்றால் அந்த டெக்கில் படம் முழுக்கக் கோடுதான்.

"மச்சான், தோளப் பாரு" என்றான். நான் பார்த்தேன். ஜுனைதீனின் தோள்தான். ஒரு பக்கம் சரிந்த தோள். முகம் மட்டும் மாவைக் கரைத்து ஊற்றியது போல இருந்தது.

சுலைஹாவை அழைத்து வந்தான். அவள் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்தாள். "அவர்தான், காக்கா" என்று தமையனிடம் சொன்னாள். திரும்ப ஓட்டச் சொன்னாள். "அவரப் போலதான் இரிக்கி" என்றாள். இன்னும் ஒரு தரம் ஓட்டச் சொன்னாள். கடைசியில் கையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "முகம் புடிபடல்லியே காக்கா. தொழுதிட்டு நான் கையேந்துறன். அவருக்கு ஹயாத்தக் கேக்கிறதா, மஃபிறத்தக் கேக்கிறதா எண்டு தெரியாம சும்மா ஏந்திட்டு இரிக்கன்." உயிரோடு இருப்பவனுக்காக இறைஞ்சுவதா, இறந்தவனின் பாவமன்னிப்புக்காக இறைஞ்சுவதா என்று அவள் கேட்டாள். நான் வெளியே போய் நின்றேன்.

அன்றிலிருந்து ஆதம்லெவ்வைக்கு வேறு வேலை ஓடவில்லை. அந்தப் படத்தைத் தெளிவாக்க வேண்டும். அவன் பெருமையாக வைத்திருந்த சட்டம்தான் தங்கச்சியின் கண்ணுக்கு முன்னால் திரை போட்டிருந்தது. அதை நான் சொல்லவில்லை. அவனே சொன்னான். "தாங்குறதத் தேடித் தேடிப் போட்டன் மச்சான். தெரியிறதப் பத்தி நினைக்கவே இல்ல."

பெட்டியில் முதலில் இருந்த அசல் சாமானைக் கேட்டுக் கொழும்புக்கு ஆள் அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து வா என்று பதில் வந்தது. இரண்டு மாதம் அவளால் எப்படிப் பொறுக்க முடியும்? அவள் சாப்பிடவில்லை. அவள் சாப்பிடவில்லை என்று அவனும் சாப்பிடவில்லை. எங்கள் மேசை லாச்சிகளைக் கவிழ்த்துக் கொட்டினோம். வேகமான குட்டி டிரான்சிஸ்டர்கள் நிறைய இருந்தன, எல்லாம் நாற்பது வோல்ட்டுக்காரர்கள். அம்ப்ளிபயரில் போடுகிற நடுத்தரம் கொஞ்சம் இருந்தது. முந்நூறு வோல்ட் தாங்கும், ஆனால் தனியாகப் போட்டால் படம் பாதிதான் தெளியும்.

அவன் சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினான். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது. கீழே வேகமானவன். அவன் தலையில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் ஏறாது. மேலே நடுத்தரக்காரன். அவனுடைய அடியைப் பன்னிரண்டு வோல்ட்டில் அசையாமல் கட்டிவிட்டால், இருநூறு வோல்ட்டின் சுமை முழுவதையும் அவன் வாங்கிக்கொள்வான். "கீழ உள்ளவன் ஓடட்டும், மேல உள்ளவன் தாங்கட்டும்" என்றான். அடுத்தது ரெசிஸ்டர். அதன் பெறுமானத்தைக் குறைத்தால் படம் இன்னும் தெளியும், ஆனால் கொதிக்கும். கொதி தாங்குகிற கம்பிச் சுருள் ரெசிஸ்டரை நான் எடுத்துக் கொடுத்தேன். எறிந்துவிட்டான். "சுருளப் போட்டா அதுவே படத்தக் கெடுக்கும்டா!" சாதாரணக் காபன் ரெசிஸ்டர்களை, வோல்ட்டைப் பங்கிட இரண்டிரண்டாகத் தொடுத்து, சூட்டைப் பங்கிட அந்தத் தொடுப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பலகையில் படாமல் தூக்கிக் கட்டினான்.

முதல் தரம் பூட்டியதும் ஒரு நிறத்தின் மேலே உள்ளவன் பட்டென்று வெடித்தான். கடை முழுக்கக் கருகல் மணம். ஆதம்லெவ்வை இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். அவன் அப்படிச் செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நடுத்தரத்தில் கருகாதது இனி மூன்றுதான் மிச்சம். சோதனைப் பெட்டியில் அந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், மூன்றுமே அவனுடைய சட்டத்துக்குக் குறைவு, ஒன்று முந்நூறுக்குக் கிட்டவும் வரவில்லை. வேறு நாளென்றால் குப்பையில் போட்டிருப்பான். அதைக் கையில் உருட்டிப் பார்த்தான். "போடுவம். கரண்ட் நேராகுற நேரம் பாத்துப் போடுவம்" என்றான். லுஹருக்கும் அசறுக்கும் இடையில், மதியம் திரும்பிய நேரத்தில்தான் எங்கள் பசாரில் கரண்ட் ஒரு நிலையில் நிற்கும்.

அந்த நேரத்தில் பெட்டியைப் போட்டோம். என் வாழ்நாளில் அப்படி ஒரு படத்தைப் பார்த்ததில்லை. சகனில் கிடந்த சோற்றுப் பருக்கை தெரிந்தது. ஒருவருடைய பல்லில் இருந்த இடைவெளி தெரிந்தது. சுலைஹா கதவோரம் நின்றாள். மண்டபம் வந்தது, தட்டு அடுக்குகிறவன் வந்தான், திரும்பினான்.

அவன் ஜுனைதீன் இல்லை. எந்த நாட்டுப் பிள்ளையோ தெரியாது. இருபது வயதுகூட இருக்காது, மெல்லிய மீசை, சிரித்த முகம். யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பியிருக்கிறான்.

படம் தன்பாட்டில் ஓடியது. பிறகு சுலைஹா, "நல்லாத் தெரியிது காக்கா" என்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சத்தம் போட்டு அழுதிருந்தால்கூட எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் ஆதம்லெவ்வை கடைக்கு வரவில்லை. அந்தக் கிழமை முழுக்க வரவில்லை. சாய்ந்தமருதுக்குப் போய்ப் பார்த்தேன். பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். மனைவி வைத்த சோறு மூடியபடி இருந்தது. "நான் என்னத்துக்கு மச்சான் அதத் தெளிவாக்கினன்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டான். "மங்கலா இரிக்கக்குள்ள அந்தப் புள்ளைக்கு ஒரு மனிசன் இரிந்தான். நானே அவன ஈயம் வெச்சிக் கொன்னு போட்டன்." எனக்குத் தெரிந்த ஆறுதலையெல்லாம் சொன்னேன். ஒன்றும் ஏறவில்லை. இவனும் போய்விடுவான் என்றுதான் நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் சுலைஹா அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். தமையனின் பாய்க்குப் பக்கத்தில் இருந்து, "காக்கா, அந்தப் பழைய சாமானையே போட்டுத் தாங்க. அதுல அவர் இரிந்தார். எனக்கு அது போதும்" என்று கெஞ்சியிருக்கிறாள். அவன் எழும்பினான். கடைக்கு வந்து என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான். கதவைத் திறந்தபோது பெட்டியில் பழையபடி கலங்கிய முகங்கள். லீவு முடிந்து போகிற கபூரிடம் பெட்டியையும் டெக்கையும் தரும்படி கேட்டான். அவர் கெசட்டையும் சேர்த்து, "சுலைஹா ராத்தா வெச்சிப் பாக்கட்டும்" என்று விட்டுவிட்டுப் போனார். எல்லாம் மருதமுனை வீட்டுக்குப் போயின.

எனக்கு ஆத்திரம் வந்தது. "படிச்ச மனுசன் செய்யிற வேலையாடா இது? இல்லாத ஆள இருக்கிறாரெண்டு அந்தப் பிள்ளைக்குக் காட்டப் போறாய்!" என்று கத்தினேன். புடவைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆதம்லெவ்வை ஈயக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தான். "எனக்கு ரெண்டும் செய்யத் தெரியும் ராசா. எது சரியெண்டுதான் தெரியா. ஒனக்குத் தெரிஞ்சாச் சொல்லு" என்றான். எனக்கும் தெரியவில்லை. தெரிந்தவன்போலக் கத்தினேன், அவ்வளவுதான்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அவன் ஜும்ஆத் தொழுகை முடிந்து மருதமுனைக்குப் போவான். தங்கச்சி வீட்டில் சோறு. சாப்பிட்டதும் அவள் கெசட்டைப் போடுவாள். அண்ணனும் தங்கச்சியும் அந்தக் கலங்கிய மண்டபத்தைப் பார்ப்பார்கள். தட்டு அடுக்குகிறவன் திரும்பி உள்ளே போனதும் அவள் நிறுத்திவிடுவாள். எத்தனையோ வருடம் இது நடந்தது. சனிக்கிழமை காலையில் அவன் கடைக்கு வரும்போது கண் சிவந்திருக்கும். வேலையில் மட்டும் பழைய சட்டத்தை அவன் பிறகு பேசவில்லை. "எத்தின வோல்ட்டு?" என்று கேட்பதும் குறைந்துபோனது. வாடிக்கைக்காரர்கள் அவனுக்கு வயது போகிறது என்றார்கள்.

பாதை திறந்த பிறகு, துக்கம் கேட்க மருதமுனைக்குப் போனேன். என் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம்தான், ஆனால் அந்த நாட்களில் அதற்கும் பயந்துதான் இருந்தோம். சுலைஹா கதவுத் திரைக்குப் பின்னால் இருந்து கதைத்தாள். மையித்து வீட்டுக்குப் போய்த் தமையனின் உடலைப் பார்க்க, அந்தப் பாதையால் அவளையும் விடவில்லை. "காக்காட முகத்தக் கடசியா ஒருக்காப் பாக்கக் கிடைக்கல்ல அண்ணன்" என்றாள். தேத்தண்ணி வந்தது. பிறகு அவளே, "பெட்டி ஒளி காட்டுதில்ல. பாக்கிறீங்களா?" என்று கேட்டாள். கைக்கு ஒரு வேலை கிடைத்ததே என்று எழும்பினேன்.

பியூஸ்தான் போயிருந்தது. அதைப் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் குழாயின் கழுத்தை எட்டிப் பார்த்தேன். அங்கே தடித்த சாமான் இல்லை. நாங்கள் அடுக்கிய ஆறு டிரான்சிஸ்டரும், தூக்கிக் கட்டிய ரெசிஸ்டர்களும் வைத்தது வைத்தபடி இருந்தன. அவன் எதையும் கழற்றவில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குட்டிக் கப்பாசிட்டரைக் குறுக்கே தொங்கவிட்டிருந்தான், அது வேகத்தை விழுங்கிப் படத்தைக் கலக்கும். அதன் கால்களை வெட்டாமல் நீளமாக விட்டிருந்தான், யார் வேண்டுமானாலும் நறுக்கிவிடலாம் என்பது போல. என்றைக்காவது ஒரு வெள்ளிக்கிழமை, போதும் காக்கா, தெளிவாக்குங்க என்று அவள் சொல்லுவாள் என்று அவன் காத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து, "என்ன அண்ணன்?" என்று கேட்டாள். மறைக்க எனக்குத் தெம்பில்லை. சொன்னேன்.

"வெட்டிருங்க அண்ணன்" என்றாள்.

"பேந்து அந்தப் படம்..."

"அந்தப் படம் எனக்குத் தேவயில்ல. அண்டைக்குக் கடையில பாத்த உடனேயே எனக்கு விளங்கிட்டு. அவர் எங்க எண்டு இண்டைக்கும் தெரியா. அந்தப் பெட்டிக்குள்ள இல்ல எண்டு தெரியும். நல்லாத் தெரிஞ்சதுதான் நல்லம். இல்லாட்டி நான் ஆரோ ஒரு ஆம்புளப் புள்ளையப் பாத்துப் பாத்தே செத்திரிப்பன்." பிறகு சொன்னாள்: "காக்காதான் சோறு தண்ணி இல்லாம மௌத்தாகுற மாதிரிக் கிடந்தார். தான் கொன்னு போட்டதெண்டு அழுதார். அவர எழுப்புறதுக்கு வேற என்னத்தச் சொல்ல? பழசப் போடுங்க எண்டு சொன்னன். எழும்பிட்டார். மறுகா நிப்பாட்ட ஏலாமப் பெய்த்து. வெள்ளிக்கு வெள்ளி, அவருக்காகத்தான் அந்தக் கெசட்டப் போட்டன்."

மூன்று கப்பாசிட்டரையும் வெட்டினேன். பெட்டியைப் போட்டபோது செய்தி போய்க்கொண்டிருந்தது. சுலைஹா திரையை விலக்கிக்கொண்டு வந்து, கண்ணைத் துடைத்துவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "செய்தி வாசிக்கிற மனிசிக்கு இவ்வளவு நரையா?" என்றாள்.

ஆதம்லெவ்வையின் ஞாபகமாக என்னிடம் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். சோதனைப் பெட்டியை அவன் வீட்டார் வைத்திருக்கிறார்கள், அது அவர்களிடமே இருக்கட்டும். என்னிடம் இருப்பது அவனுக்குச் சேர வேண்டிய ஒரு செய்தி. மச்சான், நீ ஒருவனையும் கொல்லவில்லை. நீ தெளிவாக்கித் தந்ததுதான் அவளைப் பிழைக்க வைத்தது. அவள் அந்தப் படத்தைப் பார்த்தது உனக்காக. நீ பார்த்தது அவளுக்காக. ஒருவருக்கொருவர் இதைச் சொல்லாமலே அத்தனை வெள்ளியும் போய்விட்டது. இப்போது சொல்ல நான் இருக்கிறேன், கேட்க நீ இல்லை.